இரண்டு கோடு ஒன்றான கதை

அந்தக் கருவியைத் தேடிப் போனதே ஒரு அவசரத்தில்தான். சர்வரில் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. அவற்றைப் பிரித்து அட்டவணையாக்கித் தரும் கட்டளைவரிக் கருவி ஒன்று இருக்கிறது, பைதான் என்ற நிரல்மொழியில் எழுதியது, திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) என்று கேள்விப்பட்டு நிறுவினேன். கருவியின் பயன்பாட்டை விளக்கும் ஆவணப் பக்கத்தில் இருந்த கட்டளையை அப்படியே நகலெடுத்து, கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டினேன். '–அவுட்புட் என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை' என்று பதில் வந்தது.

கோப்பா? அது கோப்பே இல்லையே, முடிவுகளை எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் தேர்வுதானே? கோப்புகளின் அனுமதிகளைப் பார்த்தேன். கருவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பைதான் பதிப்பை மாற்றினேன். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் சலித்துப்போய் அதே கட்டளையை நகலெடுக்காமல் கையால் அடித்தேன். வேலை செய்தது.

இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நான் அடித்ததில் இரண்டு சிறு கோடுகள். பக்கத்திலிருந்து வந்ததில் ஒரே ஒரு கோடு, கொஞ்சம் நீளமாக.

ஆவணங்களை ஸ்பிங்ஸ் என்ற கருவியால் உருவாக்கியிருந்தார்கள். பைதான் மொழியின் ஆவணங்களுக்காகவே பிறந்து 2008இல் வெளிவந்த கருவி அது, நல்ல கருவி. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பத்தியில் நேர் மேற்கோள்குறியைக் கண்டால் வளைந்த மேற்கோள்குறியாக்கும். இரண்டு சிறு கோடுகளைச் சேர்ந்தாற்போல் கண்டால் ஒரு நீளக் கோடாக்கும். அச்சுக்கு அது அழகு. கட்டளைக்கு விஷம். 'இது நிரல்' என்று குறியிட்ட பகுதியை மட்டும் அது தொடாது. ஆனால் இந்தக் கட்டளையை எழுதியவர் அதைத் தனிப் பெட்டியில் வைக்காமல் பத்தியின் நடுவே ஓடவிட்டிருந்தார், குறியிடவும் மறந்திருந்தார். கோடு மாறியதும் அது தேர்வு என்றே கருவிக்குத் தெரியவில்லை. ஏதோ கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடியிருக்கிறது, பாவம்.

திருத்தம் என்னவோ சின்னதுதான். 'இது நிரல்' என்று காட்டும் சாய்ந்த குறிதான் பேக்டிக். கட்டளைக்கு முன்னால் இரண்டு பேக்டிக், பின்னால் இரண்டு பேக்டிக். ஆக என் முதல் பங்களிப்பு நான்கே நான்கு எழுத்து. எழுத்துகூட இல்லை, குறி. திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டை அனுப்பிய அன்றே அது மெர்ஜ் ஆனது, அதாவது திட்டத்தில் சேர்ந்தது. கூடவே பராமரிப்பாளரிடமிருந்து ஒரு வரி: "இந்தப் பக்கம் எழுதி மூன்று வருடம் ஆகிறது. யாருமே சொல்லவில்லையே!"

அந்த ஒரு வரிதான் என்னை அந்தத் திட்டத்தில் இருத்திவைத்தது என்று நினைக்கிறேன். மூன்று வருடம். அதற்குள் எத்தனை பேர் அந்தக் கட்டளையை நகலெடுத்து, 'கோப்பு இல்லை' என்ற பதிலைப் பார்த்து, சரி இது நமக்கு ஒத்துவராது என்று போயிருப்பார்கள்? போனவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. இருந்தவர்களுக்கோ அந்தப் பக்கம் தேவையே இல்லை. கட்டளை அவர்கள் விரலிலேயே இருந்தது.

குனிந்து போக வேண்டிய நிலைவாசல் உள்ள வீட்டில் வீட்டுக்காரர் தலையை இடித்துக்கொள்வதில்லை. எங்கே குனிய வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். இடித்துக்கொள்வது வருகிறவர்கள்தான். வீட்டுக்காரரிடம் போய் 'உங்கள் வாசல் தாழ்வாக இருக்கிறதா?' என்று கேட்டால், யோசித்துப் பார்த்து இல்லை என்பார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

பராமரிப்பாளர் இன்னும் ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லச் சொன்னார். பட்டிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்திலும் அதற்கடுத்த இரண்டு நாளிலும் தடுக்கிய இடங்களையெல்லாம் ஒரு கோப்பில் கிறுக்கி வைத்திருந்தேன், வேறு நோக்கம் எதுவுமில்லை, எரிச்சலைக் கொட்ட ஒரு இடம் வேண்டுமே. அமைப்புக் கோப்பை உருவாக்கச் சொல்கிறார்கள், எந்த அடைவில் (ஃபோல்டரில்) என்று சொல்லவில்லை. எடுத்துக்காட்டில் வரும் மாதிரி லாக் கோப்பு திட்டத்தின் நிரல்களஞ்சியத்தில் இல்லவே இல்லை. ஐந்து நிமிடத் தொடக்கம் என்று பெயர் வைத்த பக்கம், கருவியின் உள்கட்டமைப்பு பற்றிய ஆறு பத்திகளோடு தொடங்குகிறது. இப்படிப் பதினேழு. கொஞ்சம் மரியாதையான மொழிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திட்டத்தின் குறைப்பட்டியலில் தனி இஷ்யூவாகப் பதிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே கோப்பை எடுத்துப் படித்தபோது ஒரு விசித்திரம். பாதிக் குறிப்புகள் எனக்கே புரியவில்லை. 'இதில் என்ன குழப்பம்? ஹோம் அடைவில்தானே வைக்க வேண்டும்?' என்று தோன்றியது. இரண்டே வாரத்தில் நான் வீட்டுக்காரனாகிவிட்டேன்.

ஆவணத்தைச் சரிபார்க்க வேறு யாருக்கும் இல்லாத ஒரு தகுதி புதியவருக்கு உண்டு: அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தகுதிக்கு ஆயுள் மிகக் குறைவு. 'முதலில் நன்றாகக் கற்றுக்கொள்கிறேன், அப்புறம் ஆவணத்தில் உதவுகிறேன்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல மனசு, தலைகீழ்க் கணக்கு. கற்றுக்கொண்ட பிறகு அவரால் எழுத முடியும். எங்கே எழுத வேண்டும் என்பது தெரியாமல் போய்விடும்.

திறமூலத் திட்டங்கள் பலவற்றுக்கு இடம் தரும் கிட்ஹப் தளம் 2017இல் திறமூல உலகத்தைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் பேர் முழுமையில்லாத, காலாவதியான ஆவணங்களைப் பிரச்சினையாகச் சொல்லியிருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர், ஆவணங்களுக்குத் தாங்கள் அரிதாகவே பங்களிப்பதாகவோ பங்களிப்பதே இல்லை என்றோ சொன்னார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிரலர்களுக்குச் சோம்பேறித்தனம் என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரலை உடைத்தால் அதைத் தானாகச் சரிபார்க்கும் சோதனை சிவப்பாகும், யாராவது கத்துவார்கள். ஆவணம் உடைந்தால் சத்தமே வராது. சத்தம் வராத இடத்துக்கு யார் ஓடி வருவார்கள்?

அதனால் நான் அங்கே உருப்படியாகச் செய்த முதல் வேலை, ஆவணத்துக்குச் சத்தம் போடக் கற்றுக்கொடுத்தது. 2001இல் வந்த பைதான் 2.1 முதலே அந்த மொழியோடு டாக்டெஸ்ட் என்று ஒன்று வருகிறது. மூன்று கோணக்குறி >>> போட்டு எழுதிய எடுத்துக்காட்டு வரிகளை ஆவணத்திலிருந்து பொறுக்கியெடுத்து, ஓட்டிப் பார்த்து, வந்த விடையும் பக்கத்தில் அச்சிட்ட விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிடும். ரஸ்ட் மொழியில் இதற்குத் தனி முயற்சிகூட வேண்டாம். ஆவணக் குறிப்புகளில் இருக்கும் நிரல்துண்டுகள் வழக்கமான சோதனைகளோடு சேர்ந்தே ஓடும். எங்கள் திட்டத்தில் நாற்பது சொச்சம் எடுத்துக்காட்டுகள் இருந்தன. முதல் தடவை ஓட்டியபோது பதினான்கு விழுந்தன.

பெரும்பாலானவை எதிர்பார்த்த ரகம்தான். இரண்டு பதிப்புக்கு முன்பே பெயர் மாறிப்போன ஒரு செயல்கூறு பழைய பெயரிலேயே ஆறு இடங்களில் உட்கார்ந்திருந்தது. ஒரு விடையில் அதை எழுதிய நாளின் தேதி இருந்தது. தேதி தினமும் மாறும், விடை எப்படிப் பொருந்தும்? இன்னொன்றில் நினைவக முகவரி அச்சாகியிருந்தது, ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு எண். இந்த மாதிரி இடங்களில் மூன்று புள்ளி வைத்து 'இங்கே எது வந்தாலும் பரவாயில்லை' என்று டாக்டெஸ்டிடம் சொல்ல ஒரு வசதி இருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தினால் சோதனை எப்போதும் பச்சையாகவே இருக்கும், எதையும் பிடிக்காது. தேதிக்கும் முகவரிக்கும் மட்டும் என்று அளந்து வைத்தேன்.

பதினான்காவதுதான் சுவையானது. வெற்றுக் கோப்பைக் கொடுத்தால் வெற்றுப் பட்டியல் திரும்பும் என்றது ஆவணம். நிரலோ வெற்றுக் கோப்பைக் கண்டதும் பிழை எறிந்துவிட்டு நின்றது. நான் வழக்கம்போல ஆவணத்தைத் திருத்தி அனுப்பினேன், நிரல் சொன்னால் அதுதானே சட்டம்? பராமரிப்பாளர்களில் ஒருவர் மறித்தார். "இல்லை, ஆவணம் சொல்வதுதான் சரி. லாக் வெறுமையாக இருப்பது பிழை அல்ல, அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்." வரலாற்றைத் தோண்டினோம். ஆரம்பத்தில் வெற்றுப் பட்டியல்தான் திரும்பியிருக்கிறது. எப்போதோ வேகத்துக்காக ஒரு பகுதியை மாற்றி எழுதியபோது இது உடைந்திருக்கிறது. சோதனைகளில் இந்த நிலைமையை யாரும் சேர்க்கவில்லை. எழுதி வைத்திருந்த ஒரே இடம் அந்த ஆவணம்தான், அதை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. என் திருத்தத்தை மூடிவிட்டு நிரலைத் திருத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஆவணமும் நிரலும் முரண்பட்டால் உடனே ஆவணத்தில் கைவைப்பதில்லை. எது வாக்கு, எது தவறிய வாக்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

இனி என் தவறுகள். இரண்டு, இரண்டுமே பெரியவை.

ஐந்து நிமிடத் தொடக்கத்தின் தலையில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு பத்திகளில் தொடங்கியது முதல் தவறு. டேனியலே ப்ரோசிடா என்பவர் ஆவணங்களை நான்காகப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்றை வகுத்திருக்கிறார், டியாடாக்சிஸ் என்று பெயர்: கைப்பிடித்து நடத்தும் பயிற்சி, குறிப்பிட்ட வேலைக்கான செய்முறை, எடுத்துப் பார்க்க விவர அகராதி, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். நான்கும் நான்கு வேளையில் நான்கு மனநிலையில் படிப்பவை. இதைப் படித்துவிட்டு வந்த உற்சாகத்தில் மொத்தத் தளத்தையும் நான்கு அடைவாகப் பிரித்துப் போட்டேன். உள்கட்டமைப்புப் பத்திகள் விளக்கத்துக்குப் போயின, அது சரி. ஆனால் முப்பது பக்கங்களின் முகவரி ஒரே இரவில் மாறியது. கேள்வி பதில்களில், மற்ற திட்டங்களின் ரீட்மீ (அறிமுக) கோப்புகளில், எங்கள் கருவியின் பிழைச்செய்திகளுக்குள்ளேயே பதிந்திருந்த பழைய இணைப்புகள் எல்லாம் 404, அதாவது 'பக்கம் இல்லை'. வெளியீடான பழைய பதிப்புகளுக்குள் இருக்கும் முகவரியை நான் போய்த் திருத்தவா முடியும்? பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு வழிமாற்று எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. பக்கத்தை நகர்த்துவதற்கு முன்னால் செய்திருந்தால் ஒரு மாலை வேலை.

நான்கு வகை நல்ல கண்ணாடிதான். எங்கே எது இடம்மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அதன் வழியே பார்க்கலாம். அதையே நான்கு அலமாரியாகச் செய்து, ஒரு பொருளும் இல்லாத தட்டுகளுக்குக்கூடப் பெயர்ப்பலகை மாட்டியது என் அசட்டுத்தனம். செய்முறை என்ற பகுதியில் வெகுகாலம் ஒரே ஒரு பக்கம் இருந்தது. அதிலும் 'விரைவில்' என்று போட்டிருந்தேன்.

இரண்டாவது தவறு காற்புள்ளி. ஆங்கில மூலத்தில் நிறுத்தக்குறிகள் தாறுமாறாக இருந்தன. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் காற்புள்ளிகளைச் சீர்செய்தேன். பொருள் ஒரு இடத்திலும் மாறவில்லை. ஆனால் எங்கள் ஆவணங்கள் இன்னும் மூன்று மொழிகளில் இருந்தன, கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில். அதில் மூலத்தின் ஒவ்வொரு பத்தியும் ஒரு சரம். அதற்கு எதிரே மொழிபெயர்ப்பு. மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அடுத்த இணைப்பின்போது அந்த மொழிபெயர்ப்பு 'சந்தேகத்துக்குரியது' என்று குறியிடப்பட்டு, யாராவது பார்த்து உறுதி செய்யும்வரை தளத்தில் வராது. அந்த இடத்தில் ஆங்கிலமே வரும். முழுமையாக மொழிபெயர்த்து வைத்திருந்த மூன்று தளங்களும் என் காற்புள்ளிகளால் பாதி ஆங்கிலமாயின. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுதினார்: "நீங்கள் ஒரு காற்புள்ளி வைத்தீர்கள். எங்களுக்கு ஒரு மாத வேலை வைத்தீர்கள்." என்ன பதில் சொல்ல? மன்னிப்புக் கேட்டேன். சின்னத் திருத்தங்களைச் சேர்த்து வைத்து, மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, வெளியீட்டுக்கு ஒருமுறை மட்டும் செய்வது என்ற வழக்கம் அப்படித்தான் வந்தது.

இதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆவணத்துக்கு நான்தான் பொறுப்பு என்று ஆகியிருந்தது. நன்றாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த வீட்டுக்காரரைப் போல.

அப்போதுதான் ஒரு மாணவி பங்களிக்க விரும்புவதாக எழுதினார். நிரலில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டார். நான் வேறொன்று கேட்டேன்: நீங்கள் முதன்முறையாக இதை நிறுவும்போது திரையைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? நான் ஒன்றும் பேச மாட்டேன், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். சம்மதித்தார். என் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த நாற்பது நிமிடத்தைப் போல நான் வாயை அடக்கிக்கொண்டிருந்த வேளை வேறு கிடையாது. பக்கம் திறந்தது. மேலே மஞ்சள் பெட்டியில் 'முக்கியம்' என்று போட்டு, தேவையான பைதான் பதிப்பை அக்கறையாக எழுதி வைத்திருந்தேன். அவர் கண் அதன்மேல் நிற்கவே இல்லை. சரசரவென்று கீழே உருட்டி முதல் நிரல்பெட்டியில் நின்றார். நகலெடுத்தார், ஒட்டினார். வரியின் தொடக்கத்தில் டெர்மினலைக் குறிக்க நான் போட்டு வைத்திருந்த $ குறியும் கூடவே போனது. '$ என்ற கட்டளை இல்லை' என்றது டெர்மினல். அவர் சற்று நேரம் பார்த்தார். கையால் குறியை அழித்தார். அடுத்த பெட்டியிலும் அதே கதை. மூன்றாவதில் நகலெடுக்கும்போதே குறியை விட்டுவிட்டு எடுத்தார். என் ஆவணத்தைச் சமாளிக்க மூன்று பெட்டிக்குள் பழகிவிட்டார்!

அப்புறம் ஒரு வாக்கியத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் 'சிம்ப்ளி' என்று தொடங்கும் வாக்கியம்: சும்மா அமைப்புக் கோப்பில் பாதையைச் சேர்த்தால் போதும் என்ற பொருளில். எந்தப் பாதை, எந்த வரிக்கு அடியில் என்று இல்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார். மெதுவாக, தனக்குத்தானே, "எனக்குத்தான் புரியலை போல" என்றார்.

எழுதியவன் நான். இன்னும் மைக் அணைந்தே இருந்தது, நல்லவேளை.

அன்றிரவே 'சிம்ப்ளி', 'ஜஸ்ட்', 'ஈசிலி' மூன்றையும் எல்லாப் பக்கங்களிலும் தேடினேன். ஐம்பத்தியிரண்டு இடம். ஒவ்வொன்றாக எடுக்கும்போது ஒன்று கவனித்தேன்: அந்தச் சொல் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு படி விடுபட்டிருந்தது. எழுதுகிறவருக்கு விளக்கச் சோம்பலாக இருக்கும் இடத்தில்தான் 'சும்மா' என்று கை தானாக எழுதுகிறது. சொல்லை எடுத்துவிட்டு விடுபட்ட படியை எழுதினேன். $ குறிகளை நீக்கினேன். மஞ்சள் பெட்டியை எடுத்துவிட்டு, பைதான் பதிப்பைக் காட்டும் கட்டளையையே முதல் நிரல்பெட்டியாக வைத்தேன். கண் அங்கேதான் நிற்கும் என்றால் சொல்ல வேண்டியதும் அங்கேதான் இருக்க வேண்டும். (பெட்டி வடிவமைப்புக்கு நான் செலவழித்த நேரத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.)

இன்னொரு மாற்றத்துக்குக் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. யூனிக்ஸ் இயக்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே கட்டளை விளக்கங்களின் அடியில் 'பக்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு: இந்தக் கட்டளையில் இன்னின்ன குறை. செய்தவர்களே எழுதி வைத்தது. எங்கள் ஆவணத்திலும் அப்படியொரு பகுதி வேண்டும் என்றேன். குறையை நாமே விளம்பரப்படுத்துவதா என்று ஒருவர் கேட்டார். அழுத்திச் சுருக்கிய கோப்பு இரண்டு ஜிபியைத் தாண்டினால் எங்கள் கருவி நினைவகத்தை விழுங்கிவிட்டு விழும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் பயன்படுத்துகிறவர் மட்டும்தான் என்றேன். நீண்ட விவாதம். முடிவில் பகுதி வந்தது. வந்த நான்காம் மாதம், அதைப் படித்த யாரோ ஒருவர், நாங்கள் அறியாதவர், கோப்பைத் துண்டுதுண்டாகப் படிக்கும்படி நிரலை மாற்றி அனுப்பினார். அந்தக் குறை பட்டியலிலிருந்து போனது.

அந்த மாணவி இப்போது திட்டத்தில் நிலையாக இருக்கிறார். போன மாதம் அவரிடமிருந்து ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. ஆவணத்தில் பதினொரு வரி நீக்கம், சேர்த்தது ஒன்றுமில்லை. என்ன நீக்கியிருக்கிறார் என்று பார்த்தால், நான் எழுதிய குறிப்பு. கோடு பற்றியது. எங்கள் பக்கத்தில் பேக்டிக் போட்டுச் சரிசெய்துவிட்டாலும், அரட்டைச் செயலிகளிலிருந்தும் எழுத்துச் செயலிகளிலிருந்தும் கட்டளையை நகலெடுத்து வருகிறவர்களுக்கு அதே விபத்து நேரும் என்று, என் முக்கால் மணி நேரத்தை மனதில் வைத்து உருக்கமாக எழுதியிருந்த பத்திகள். கோடுகளின் வகைகள், எப்படி அடையாளம் காண்பது, எப்படி மாற்றுவது. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

நிரலில் அவர் ஐந்து வரி சேர்த்திருந்தார். கோப்பின் பெயர் என்று வந்தது நீளக் கோட்டில் தொடங்கி, அப்படி ஒரு கோப்பும் இல்லாவிட்டால், கருவி இனி இப்படிக் கேட்கும்: 'இங்கே இரண்டு சிறு கோடுகள் போட நினைத்தீர்களா?'

என் பத்தியைக் கடைசியாக ஒருமுறை படித்தேன். மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதுவரை பார்த்ததே இல்லை. மெர்ஜ் பொத்தானை அழுத்தினேன்.